விறைப்பான முழுமலைப் பனிச்சறுக்குப் பலகை

முழுமலைப் பனிச்சறுக்குப் பலகை என்பது, மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் இயந்திரத்தால் செப்பனிடப்பட்ட தடங்களிலும் தடத்துக்கு வெளியே உள்ள இயற்கைப் பனியிலும் ஒரே சோடியைக் கொண்டு சறுக்குவதற்காக வடிவமைக்கப்படும் பலகை வகை ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் ஆல்-மவுண்டன் ஸ்கீ என்ற பெயரே பல நாடுகளிலும் புழக்கத்தில் உள்ளது. இவ்வகையில் வளைவதற்கும் முறுகுவதற்கும் கூடுதலாக எதிர்ப்புக் காட்டும் பலகைகள் விறைப்பானவை எனப்படுகின்றன. இறுகிய பனியில் பிடிமானமும், சீரற்ற பனியில் நிலைத்தன்மையும் இவற்றின் முதன்மையான பயன்கள். எடை குறைந்தவர்களுக்கும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. தவறான தேர்வு முழங்கால் காயத்துக்கும் இடம் கொடுக்கக்கூடும் என்பதால், பலகைத் தேர்வை வெறும் விருப்பத்தைச் சார்ந்த ஒன்றாகக் கருத முடியாது.

கடினப் பனியும் கலப்புப் பனியும்

பனி என்று பொதுவாகச் சொன்னாலும் அதன் இயல்பு நாளுக்கு நாளும், ஒரே நாளில் மணிக்கு மணியும் மாறுகின்றது. காற்றின்றி, குளிர்ந்த வானிலையில் புதிதாகப் பெய்த பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். இயந்திரங்களால் அழுத்திச் செப்பனிட்ட தடத்தில் இது 400 முதல் 500 கிலோகிராம் வரை உயர்கின்றது. தூய பனிக்கட்டியின் அடர்த்தி ஏறத்தாழ 917 கிலோகிராம். பகலில் உருகி இரவில் உறையும் சுழற்சி தொடர்ந்தால், தடத்தின் மேற்பரப்பு பனியைவிடப் பனிக்கட்டியின் இயல்பையே அதிகம் கொண்டிருக்கும். வட அமெரிக்காவில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்சயர் ஆகிய மாநிலங்களின் மலைகள் இதற்குப் பெயர் பெற்றவை. குளிர்காலத்தின் நடுவிலும் அங்கே மழை பெய்வதுண்டு. அதனைத் தொடர்ந்து வரும் கடுங்குளிர் ஈரப் பனியை ஒரே இரவில் கல்போல் இறுக்கிவிடுகின்றது.

இயந்திரத்தால் உண்டாக்கப்படும் பனியும் இறுக்கத்துக்கு ஒரு காரணம். நீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் சேர்த்துத் தெளித்துப் பனி உண்டாக்கும் முறை 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உருவாயிற்று. இதனைச் செய்தவர்கள் வேயின் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவர். இவர்கள் அலுமினியப் பனிச்சறுக்குப் பலகைகளைத் தயாரித்து விற்றவர்கள் என்பதும், பனி பெய்யாத குளிர்காலத்தில் விற்பனை படுத்துவிட்டதே இம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கன. இயற்கைப் பனியின் ஆறு கிளைகள் கொண்ட படிகங்களைப் போலன்றி, செயற்கைப் பனி சிறிய உருண்டைத் துகள்களால் ஆனது. இத்துகள்கள் நெருக்கமாக அடுங்கிக் கெட்டிப்படுவதால் தடம் நீண்டகாலம் தாங்குகின்றது. அதே காரணத்தால் இறுகியும் போகின்றது.

கலப்புப் பனி என்பது ஒரே சரிவில் பல வகைப் பனி அடுத்தடுத்து வருவதைக் குறிக்கும். காற்று அடித்து இறுக்கிய தட்டு, வெயிலில் உருகிப் பின் உறைந்த பொருக்கு, பலர் சறுக்கிக் குலைத்த பனிக்குவியல், நிழலில் மிஞ்சியுள்ள மென்பனி ஆகிய அனைத்தும் 50 மீட்டர் தூரத்துக்குள்ளேயே வரக்கூடும். வசந்த காலத்தில் காலை வேளையில் கெட்டியாக இருக்கும் பனி நண்பகலில் குருணை போல் நெகிழ்கின்றது. சறுக்குபவரைப் பொறுத்தவரை இதிலுள்ள இடர், தடை திடீரென மாறுவதுதான். கெட்டிப் பரப்பில் விரைந்து செல்லும் பலகை ஈரமான குவியலில் மோதும்போது நுனி பின்தள்ளப்படுகின்றது. உடல் முன்னோக்கி எறியப்படுகின்றது.

விறைப்பு என்பது என்ன

பலகையின் விறைப்பு இரு வகைப்படும். நுனியையும் வாலையும் தாங்கலில் வைத்து நடுவில் அழுத்தும்போது பலகை காட்டும் எதிர்ப்பு வளைவு விறைப்பு ஆகும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் பலகையை முறுக்கும்போது அது காட்டும் எதிர்ப்பு முறுக்கு விறைப்பு ஆகும். கடைகளில் வாடிக்கையாளர் பலகையின் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்ப்பது வழக்கம். இவ்வாறு அறியக்கூடியது வளைவு விறைப்பை மட்டுமே, அதுவும் தோராயமாகவே. கடினப் பனியில் பிடிமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் முறுக்கு விறைப்பைக் கையால் உணர்வது அரிது.

சறுக்குபவர் பலகையைச் சாய்த்து அதன் எஃகு விளிம்பைப் பனியில் பதிக்கும்போது, சாய்க்கும் விசை காலணியின் கீழேயே செலுத்தப்படுகின்றது. அங்கிருந்து நுனிக்கும் வாலுக்கும் அச்சாய்வைக் கடத்துவது பலகையின் உடல். முறுக்கு விறைப்புக் குறைந்த பலகையில் நடுப்பகுதி 50 பாகை சாய்ந்திருந்தாலும், நுனி பனியின் எதிர்விசையால் திருகப்பட்டு அதைவிடக் குறைவாகவே சாய்ந்திருக்கும். மென்பனியில் இதனால் பாதகம் இல்லை. பனிக்கட்டி போன்ற பரப்பில் நுனி பிடிக்காமல் வழுக்க, நடு விளிம்பு மட்டும் பிடிக்கின்றது. பலகை திருப்பத்திலிருந்து விலகிக் கீழே சரிகின்றது.

வளைவு விறைப்பின் பங்கு அழுத்தத்தைப் பரப்புவது. மிக நெகிழ்வான பலகையில் எடையின் பெரும்பங்கு காலணிக்கு நேர் கீழேயே விழும். விறைப்பான பலகை அந்த எடையை நீளம் முழுவதற்கும் பகிர்கின்றது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். வளைக்கப் போதுமான எடையும் விரைவும் இல்லாதவரின் காலில் விறைப்பான பலகை வளையாமல் நேராகவே நிற்கும். நேராக நிற்கும் பலகை திரும்பாது.

திருப்ப விசைகளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் விரைவில் 18 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாகக் கொள்வோம். மையநோக்கு முடுக்கம் 15இன் வர்க்கத்தை 18ஆல் வகுத்தால் கிடைக்கும் 12.5 மீ/நொடி² ஆகும். இது புவியீர்ப்பு முடுக்கத்தின் ஏறத்தாழ 1.27 மடங்கு. இரண்டையும் செங்கோணத்தில் கூட்டினால், 80 கிலோகிராம் எடையுள்ளவர் தம் காலில் ஏறக்குறைய 130 கிலோகிராமைச் சுமப்பது போன்ற விசையை உணர்வார். சரிவின் சாய்வு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இவ்விசையின் பெரும்பகுதி வெளிப்புறக் காலின் ஒரே விளிம்பில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இறங்குகின்றது.

அமைப்பும் பொருள்களும்

இன்றைய பலகைகளில் பெரும்பாலானவை அடுக்கடுக்காக ஒட்டப்படும் சாண்ட்விச் முறையில் செய்யப்படுகின்றன. நடுவில் மர உள்ளகம். அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை, கரிமயிழை அல்லது உலோகத் தகடு. அடியில் பாலிஎத்திலீன் தளம். இரு பக்கமும் எஃகு விளிம்பு. உள்ளகத்துக்குப் பாப்லர், பீச், ஆஷ் முதலிய மரங்கள் பயன்படுகின்றன. இலேசான பலகைகளுக்குப் பௌலோனியா மரம் தெரிவு செய்யப்படுகின்றது. வளைவு விறைப்புத் தடிப்பின் மும்மடியைப் பொறுத்து உயர்கின்றது. ஆகவே ஒரே பொருளால் ஆன இரு பலகைகளில் ஒன்று 10 விழுக்காடு மட்டும் தடித்திருந்தால், அது ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதலாக விறைத்திருக்கும். தயாரிப்பாளர்கள் நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் உள்ளகத்தைச் சீவுவதன் காரணம் இதுவே.

விறைப்பான முழுமலைப் பலகைகளின் விவரணங்களில் டைட்டானல் என்ற சொல் தவறாமல் காணப்படும். பெயரைக் கண்டு இதனை டைட்டானியம் என்று கருதுவோர் பலர். கடைக்காரர்களும் சில சமயங்களில் அப்படியே சொல்வதுண்டு. உண்மையில் இது ஆஸ்திரியாவின் அமாக் நிறுவனம் தயாரிக்கும் உயர்வலிமை அலுமினியக் கலப்புலோகம் ஆகும். துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவை இதன் முதன்மையான கலப்புத் தனிமங்கள். அரை மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய தகடுகளாக, மர உள்ளகத்தின் மேலும் கீழும் இது ஒட்டப்படுகின்றது. உலோகத் தகடு எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமை கொண்டிருப்பதால் முறுக்கு விறைப்பைக் கூட்டுகின்றது. எடையைக் கூட்டுவதால் பலகை எளிதில் அலைக்கழிக்கப்படாமலும் காக்கின்றது. உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய ரப்பர் அடுக்கு அதிர்வைத் தணிக்கின்றது.

விறைப்பும் எடையும் ஒன்றல்ல என்பது இங்கே முக்கியமானது. கரிமயிழையைக் கொண்டு விறைப்பான, ஆனால் மிக இலேசான பலகையைச் செய்ய இயலும். மலையேறிச் சறுக்குபவர்களுக்கு அது வரம். எனினும் குலைந்த பனியில் விரைந்து செல்லும்போது அத்தகைய பலகை ஒவ்வொரு குவியலிலும் தட்டுப்பட்டு எகிறுகின்றது. விறைப்பு மிகுந்து நிறை குறையும்போது இயல்பு அதிர்வெண் உயர்வதால், கடினத் தடத்தில் கடகடவென்ற நடுக்கமும் தோன்றுகின்றது. சுமார் 180 செ.மீ. நீளமுள்ள உலோகத் தகட்டுப் பலகை ஒன்று ஏறத்தாழ 2 கிலோகிராமோ சற்றுக் கூடுதலாகவோ எடை கொண்டிருக்கும். தூக்கிச் சுமக்கும்போது எரிச்சலூட்டும் இந்த எடை, சரிவில் இறங்கத் தொடங்கியதும் துணையாகின்றது.

வரலாறு

நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோந்திரே நோர்கைம் 19ஆம் நூற்றாண்டில் நடு ஒடுங்கிய பலகைகளைப் பயன்படுத்திக் காட்டினார். ஆஸ்திரியரான ருடோல்ப் லெட்னர் எஃகு விளிம்புக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் மரவிளிம்பு கொண்டு பனிக்கட்டியில் நிற்பது ஏறத்தாழ இயலாத செயலாக இருந்தது.

வானூர்திப் பொறியாளரான ஹாவர்டு ஹெட், மர உள்ளகத்தை அலுமினியத் தகடுகளுக்கிடையே ஒட்டிச் செய்த பலகையை 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மரப்பலகையைவிட எளிதாகத் திரும்பியதால் ஏமாற்றுப் பலகை என்று அது கேலி செய்யப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஸ்குவா வேலி குளிர்கால ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே உலோகப் பலகையில் கீழ்நோக்கு விரைவுப் போட்டியில் தங்கம் வென்ற பின்னர் கேலி ஓய்ந்தது.

1990களில் ஸ்லொவீனியாவின் எலான் நிறுவனம் ஆழமான பக்கவெட்டுக் கொண்ட பலகையை அறிமுகப்படுத்தியது. 2002இல் ஷேன் மெக்காங்கியின் எண்ணத்தில் உருவான வோலன்ட் ஸ்பாட்டுலா, ஆழ்பனிக்காக முனைகள் மேல்நோக்கி வளைந்து வெளிவந்தது. இவ்விரண்டும் எதிரெதிர் நோக்கங்களைக் கொண்டவை. இன்றைய முழுமலைப் பலகை இரண்டிலிருந்தும் கடன் வாங்கியது எனலாம்: பக்கவெட்டு முன்னதிலிருந்து, உயர்ந்த நுனி பின்னதிலிருந்து.

வடிவம்

பலகையின் அகலம் நுனி, இடை, வால் என்ற மூன்று எண்களால் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகின்றது. 135-96-119 என்று பொறிக்கப்பட்டிருந்தால் இடையின் அகலம் 96 மி.மீ. ஆகும். இவ்வெண்களிலிருந்து திருப்ப ஆரத்தைத் தோராயமாகக் கணிக்கலாம். நுனி, வால் அகலங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இடையின் இருமடங்கைக் கழித்து 4ஆல் வகுத்தால் பக்கவெட்டின் ஆழம் கிடைக்கும். இங்கே அது 15.5 மி.மீ. பனியைத் தொடும் நீளத்தின் வர்க்கத்தை இந்த ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். தொடும் நீளம் 1.5 மீட்டர் எனில் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர். கடினப் பனியில் பலகையைச் சாய்க்கச் சாய்க்க இந்த ஆரம் சாய்கோணத்தின் கோசைன் மடங்காகக் குறைகின்றது. 60 பாகை சாய்த்தால் 18 மீட்டர் ஆரம் 9 மீட்டராகும்.

தடத்துக்கென்றே செய்யப்படும் பலகைகளின் இடை பெரும்பாலும் 65 முதல் 75 மி.மீ. வரையிலும், ஆழ்பனிப் பலகைகளின் இடை 110 மி.மீ.க்கு மேலும் இருக்கும். முழுமலைப் பலகைகள் 85 முதல் 100 வரையான இடைவெளியில் அமைகின்றன. அகலம் கூடினால் பலகை மென்பனியில் மிதக்கும் என்பது உண்மையே. ஆனால் கடினப் பனியில் அதற்கான விலையை முழங்கால் கொடுக்கின்றது. விளிம்பில் நிற்கும்போது பனியின் எதிர்விசை பலகையின் நடுக்கோட்டில் அமையாமல் விளிம்பில் அமைகின்றது. 68 மி.மீ. இடையில் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 34 மி.மீ. தள்ளியுள்ளது, 98 மி.மீ. இடையில் 49 மி.மீ. தள்ளியுள்ளது. பலகையைத் தட்டையாக்க முயலும் திருப்புவிசை இதனால் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. அதனை எதிர்த்துப் பிடிப்பது கணுக்காலும் முழங்காலும்தான். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் இறுகிய தடத்தில் சறுக்குபவருக்கு, என்றோ ஒரு நாள் பெய்யும் ஆழ்பனியை எண்ணி 105 மி.மீ. பலகை வாங்குவது பொருத்தமான தேர்வாகாது. 85 முதல் 95 வரையான இடையே அவருக்கு உகந்தது.

தரையில் வைக்கும்போது நடுப்பகுதி மேலெழுந்து நிற்கும் வளைவு காம்பர் எனவும், முனைகள் முன்கூட்டியே தரையைவிட்டு எழும் எதிர்வளைவு ராக்கர் எனவும் வழங்கும். காம்பர் நுனியையும் வாலையும் பனியில் அழுத்துகின்றது. நுனியில் அளவான ராக்கர் இருந்தால், உடையும் பொருக்கிலும் குவியலிலும் பலகை புதையாமல் மேலேறும். ராக்கர் மிகுந்தால் கடினப் பரப்பில் தொடும் விளிம்பின் நீளம் குறைந்துவிடும். எனவே கடினப் பனியும் கலப்புப் பனியும் சம அளவில் வரும் மலைகளுக்கு, காலடியில் காம்பரும் நுனியில் சிறு ராக்கரும் ஏறக்குறைய தட்டையான வாலும் உடைய பலகையே ஏற்றது. நுனி சற்று நெகிழ்ந்தும் காலடி விறைத்தும் இருப்பது நலம். நுனிமுதல் வால்வரை ஒரே சீராக விறைத்த பலகை, ஓட்டப்பந்தயத் தடத்தில் சிறப்பாகவும் பொருக்கில் பிடிவாதமாகவும் நடந்துகொள்ளும்.

ஜெர்மனியின் ஃபோல்க்கல் மான்ட்ரா, ஆஸ்திரியாவின் பிளிசார்டு போனாஃபைடு, நோர்டிக்கா என்ஃபோர்சர் ஆகியவை இப்பிரிவில் நன்கு அறியப்பட்ட வரிசைகள். ஃபோல்க்கல் நிறுவனம் 2018இல் மான்ட்ராவின் மேல் உலோகத் தகட்டை முழுத் தகடாக இடாமல், விளிம்பை ஒட்டிய சட்டகமாக மாற்றியது. பிடிமானம் தேவைப்படும் ஓரத்தில் உலோகத்தை நிறுத்தி, நடுவில் எடையையும் விறைப்பையும் குறைப்பது இதன் நோக்கம்.

தேர்வு செய்தல்

விறைப்பை ஒப்பிட அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனம் 8 என்று குறிப்பது மற்றொன்றின் 6ஆக இருக்கலாம். கனடாவின் ஷேர்புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பலகையின் வளைவு விறைப்பையும் முறுக்கு விறைப்பையும் நீளம் நெடுக அளக்கும் கருவியை உருவாக்கியுள்ளனர். இத்தகைய அளவீடு கிடைக்காத நிலையில், வாடகைக்கு எடுத்துச் சறுக்கிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. அச்சோதனையையும் இதமான மென்பனி நாளில் செய்தால் பயனில்லை; எல்லாப் பலகைகளும் அன்று நன்றாகவே இருக்கும். காலையில், தடம் இறுகியிருக்கும்போது சோதிக்க வேண்டும்.

முதலில் கருத வேண்டியவை சறுக்குபவரின் எடை, வலிமை, விரைவு, திறன் ஆகியவை. 90 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நடுத்தரமாகத் தோன்றும் பலகை 55 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் கட்டையாகத் தோன்றும். பெண்களுக்கென விற்கப்படும் பலகைகள் பெரும்பாலும் குறுகிய நீளத்திலும் இலேசான அமைப்பிலும் வருகின்றன. எடையும் திறனும் மிக்க பெண் இப்பெயரைப் பொருட்படுத்தாமல் உலோகத் தகடு உள்ளதைத் தேடலாம். அவ்வாறே இலேசான ஆண் ஒருவர் உலோகமற்றதைத் தேர்ந்தெடுப்பதில் இழுக்கில்லை. நீளத்தைப் பொறுத்தவரை, நிற்கும்போது மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில் எட்டும் பலகை பொதுவான தொடக்கப் புள்ளி. ராக்கர் மிகுந்ததை இதைவிடச் சற்று நீளமாகவும், விறைப்பு மிகுந்ததைச் சற்றுக் குறைவாகவும் கொள்வதுண்டு.

காலணியின் பங்கு பலகையைவிடப் பெரியது. பாதம் அசையும் தளர்ந்த காலணியுடன் விறைப்பான பலகையை இயக்குவது, தளர்ந்த பிடியுள்ள கோடரியால் விறகு பிளப்பது போன்றது. கையிருப்பு ஒன்றுக்கே போதும் என்ற நிலையில், காலணிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

முழங்கால் காயம்

பனிச்சறுக்கில் மிகவும் அஞ்சப்படும் காயங்களுள் ஒன்று, முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுவது ஆகும். வெர்மான்ட் மாநிலத்தில் 1970களிலிருந்து காயங்களை ஆராய்ந்த கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் இதற்கான ஒரு பொறிமுறையை விளக்கி, மாயப் பாதம் என்ற பொருள்படும் பெயரிட்டனர். சறுக்குபவர் பின்னோக்கிச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிய நிலையில், கீழ்ப்புறப் பலகையின் வால் பனியில் கவ்விக்கொள்கின்றது. அப்போது பலகையின் வால், பாதத்துக்கு எதிர்த்திசையில் நீண்ட இன்னொரு பாதம்போல் நெம்புகோலாகி முழங்காலை முறுக்குகின்றது. விழுந்துகொண்டிருக்கும்போதே எழ முயல்வதும், கையால் ஊன்ற முயல்வதும் நிலைமையை மோசமாக்குகின்றன. இதனைக் காணொளி வழியாக உணர்த்திய பயிற்சி, மலைப் பணியாளர்களிடையே கடுமையான முழங்கால் சுளுக்குகளை 62 விழுக்காடு குறைத்ததாக 1995இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது.

இதனைப் பலகைத் தேர்வோடு இணைத்துப் பார்க்க வேண்டும். தமக்கு மிஞ்சிய விறைப்புள்ள பலகையை வளைக்க இயலாதவர், அச்சத்தாலும் களைப்பாலும் பின்னோக்கிச் சாய்வது இயல்பு. விறைத்த வால் மன்னிக்காமல் கவ்வுவதும் அந்த நிலையில்தான். பிணைப்பி உரிய நேரத்தில் கழன்று காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வழமையான பிணைப்பிகள் முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பு முறிவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டவை. இத்தகைய முறுக்கலை அவை எப்போதும் உணர்வதில்லை. பிணைப்பியின் விடுவிப்பு அளவை எடை, உயரம், வயது, காலணி அடிநீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு ஐ.எஸ்.ஓ. 11088 தரநிலையின்படி பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் அமைக்க வேண்டும். பலகை விறைப்பானது என்பதற்காக அவ்வளவை உயர்த்துவது ஆபத்தானது.

விளிம்பைப் பேணுதல்

மழுங்கிய விளிம்புடன் கூடிய விலையுயர்ந்த பலகை, கடினப் பனியில் கூரான மலிவான பலகைக்கு ஈடாகாது. அடித்தள விளிம்பை 1 பாகையும் பக்க விளிம்பை 2 பாகையும் சாய்த்துத் தீட்டுவது முழுமலைப் பலகைகளுக்குப் பரவலான வழக்கம். பனிக்கட்டி மிகுந்த மலைகளில் பக்கச் சாய்வை 3 பாகை வரை கூட்டுவர். கூட்டினால் பிடிப்பு உயரும், விளிம்பு விரைவில் மழுங்கும். கல்லில் உரசிய இடத்தில் எஃகு கடினப்பட்டுவிடுவதால் அரம் அங்கே வழுக்கும். அவ்விடத்தை முதலில் வைரத்துகள் கல்லால் தேய்த்து, பின்னரே அரத்தைப் பயன்படுத்த வேண்டும். நாள் முடிவில் விளிம்பை ஈரம் போகத் துடைத்து வைத்தால் துரு ஏறாது. ஈரத்துடன் இரு பலகைகளையும் சேர்த்துக் கட்டிப் பையில் வைப்பதே துருவுக்குப் பெரும்பாலும் காரணமாகின்றது.